முதல் பத்தி போதும்

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள் சார், எனக்கு வெயில் ஆகாது. கோவில்பட்டிதானே? நானும் அங்கேதான். இந்தப் பை மட்டும் என் மடியில் இருக்கட்டும். மேலே வைத்தால் யாராவது கருவாட்டுப் பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். உள்ளே ஒரு புத்தகம் இருக்கிறது. என் மனைவி எழுதிய நாவல். இன்றைக்குச் சாயங்காலம் கோவில்பட்டியில் வெளியீட்டு விழா. வாழ்த்துரை யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் நான்தான். அழைப்பிதழில் பெயரே போட்டிருக்கிறார்கள். 'சங்கரபாண்டியன், மூத்த பத்திரிகையாளர்.'

அவள் நேற்றே போய்விட்டாள். பிறந்த ஊர் அல்லவா? போகிறபோது புத்தகத்தைப் பையில் வைத்தாள், அதன் மேல் என் மூக்குக்கண்ணாடியை வைத்தாள், "பஸ்ஸில ஒன்றரை மணி நேரம் சும்மாத்தான இருக்கப் போறிய? மேடை ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டாவது பத்தியையாவது படிச்சிருங்க" என்றாள்.

ரெண்டாவது பத்தி! பத்திரிகையில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவனிடம் சொல்கிற பேச்சா சார் இது?

இல்லை, படிக்கவில்லை. முதல் பத்தி படித்திருக்கிறேன். முதல் பத்தி போதும். என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? மேடையில் எப்படிப் பேசுவேன் என்றா? அதெல்லாம் பேசிவிடுவேன். என் தொழில் தெரிந்தால் நீங்கள் இப்படிப் பார்க்க மாட்டீர்கள்.

பெட்டிக்கடை வாசலில் சணலில் கட்டித் தொங்கும் பாருங்கள், பேப்பர் போஸ்டர். பெரிய பெரிய எழுத்தில் மூன்று வரி. டீ குடிக்கிற ஆள் கிளாசைக் கீழே வைத்துவிட்டுப் பேப்பர் வாங்குகிறானே, எதனால்? அந்த மூன்று வரியால். நெல்லைப் பதிப்புக்கு அதை எழுதியவன் நான். எந்தப் பேப்பர் என்று கேட்காதீர்கள், நீங்கள் ஒருவேளை அதை வாங்கி ஏமாந்தவராக இருக்கலாம்.

ஒருமுறை ஓர் அதிகாரி வீட்டுக் குளியலறையில் உடும்பு புகுந்துவிட்டது. செய்தி அவ்வளவுதான். அடுத்தவனாக இருந்தால் உடும்பு என்று எழுதிக் கெடுத்திருப்பான். நான் எழுதினேன்: 'அதிகாரி வீட்டுக் குளியலறையில் இருந்தது யார்? குடும்பத்தார் அலறல்!' மறுநாள் மதியத்துக்குள் ஊரில் பேப்பர் இல்லை. வாங்கியவர்கள் உடும்பைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினார்கள். திட்டிவிட்டு அடுத்த நாளும் வாங்கினார்கள். அதுதான் தலைப்பு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நிருபர் மாங்கு மாங்கென்று பக்கம் பக்கமாக எழுதி அனுப்புவார். நான் முதல் பத்தியை மட்டும் படிப்பேன். யார், எங்கே, என்ன என்பதெல்லாம் முதல் பத்தியில் வந்துவிட வேண்டும். அது பத்திரிகை தர்மம். அதற்குக் கீழே இருப்பது இடம் இருந்தால் போடுவது, இல்லாவிட்டால் வெட்டுவது. கீழேயிருந்து வெட்டிக்கொண்டே வரலாம், செய்திக்கு ஒன்றும் ஆகாது. முழுசாகப் படித்துவிட்டுத்தான் எழுதுவேன் என்று உட்கார்ந்தால் போஸ்டர் ஏற்றுகிற வேன் போய்விடும். அந்தப் பழக்கம் எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. டாக்டர் சீட்டு, வக்கீல் நோட்டீஸ், என் மகள் அனுப்புகிற வாட்ஸ்அப், எல்லாம் முதல் பத்திதான்.

வீட்டிலும் அப்படித்தான். என் மனைவி பெயர் செண்பகவல்லி. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்களுடையது காதல் கல்யாணம் சார். அந்தக் காலத்தில் ஆபீசிலிருந்து சென்னைக்கு டிரங்க் கால் போடுவேன். லைன் கிடைக்க நேரமாகும். அதுவரை அவளோடு பேசிக்கொண்டிருப்பேன். லைன் கிடைத்த பிறகும் பேசியிருக்கிறேன், சென்னைக்காரன் அந்தப் பக்கம் 'அலோ அலோ' என்று கத்திக்கொண்டிருப்பான். அதெல்லாம் ஒரு காலம். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேலை முடிந்து வந்து ஏதாவது சொல்ல ஆரம்பிப்பாள். முதல் வாக்கியத்திலேயே எனக்கு விஷயம் பிடிபட்டுவிடும். 'ம்' என்பேன். மீதியை அவள் சொல்லிக்கொண்டிருப்பாள், நான் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பேன். இன்றுவரை எங்களுக்குள் ஒரு சண்டை கிடையாது. நீங்கள் எந்த வீட்டில் பார்த்திருக்கிறீர்கள்?

கங்கைகொண்டான் வந்துவிட்டதா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஓய்வுக்குப் பிறகு அவள் தினம் மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். நான் ஸ்ரீராமஜெயம் எழுதுகிறாள் என்று நினைத்தேன். நல்ல காரியம்தானே என்று நானே கட்டுக் கட்டாகத் தாள் வாங்கிக் கொடுத்தேன். போன ஆடி மாதம் ஒருநாள் அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"நாவல் எழுதி முடிச்சிட்டேன். படிச்சிட்டு ஒரு தலைப்பு சொல்லுங்க."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! தலைப்பு! ஓய்வு பெற்ற நாளிலிருந்து என்னிடம் ஒருத்தர் தலைப்பு கேட்டதில்லை. எதிர்வீட்டு டெய்சி டீச்சர் தன் நாய்க்குட்டிக்குப் பெயர் வைக்கும்போதுகூட என்னைக் கேட்கவில்லை. சட்டென்று எழுந்து போய் சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். வேலை என்றால் வேலை மாதிரி இருக்க வேண்டும்.

முதல் பத்தியைப் படித்தேன். எனக்கு மனப்பாடம், கேளுங்கள். 'அன்று மழை வரும்போல் இருந்தது. சாரதா தொலைபேசி நிலையத்தின் மாடிப்படியில் ஏறினாள். குடையை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாள்.' அவ்வளவுதான் பத்தி. யார்? சாரதா. எங்கே? மாடிப்படி. என்ன? குடை இல்லை. நிருபராக இருந்தால் இவளுக்கு முதல் வாரத்திலேயே வேலையை நிரந்தரம் செய்திருப்பார்கள்.

டீ ஆறுவதற்குள் எழுதிவிட்டேன். 'குடையில்லாமல் வந்த பெண்! மாடியில் நடந்தது என்ன?'

அவள் அதைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "ரெண்டாவது பத்தி படிச்சியளா?"

"ஏன், அதுல குடை கிடைச்சிருதா?"

"படிங்க."

"நீ தலைப்பு கேட்டியா, படிக்கச் சொன்னியா?"

"ரெண்டும்தான் சொன்னேன்" என்று கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

விடுவேனா? மறுநாள் காலையில் ஐந்து தலைப்பு வைத்தேன். 'நனைந்தது யார்?' 'மாடிப்படியில் மர்மம்.' 'குடை எங்கே? சாரதா திடுக்கிடும் வாக்குமூலம்.' அவள் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "ரெண்டாவது பத்தி படிச்சியளா?" என்றாள். அதற்கடுத்த நாள் பத்து. அதே கேள்வி. குளிக்கும்போது தலைப்பு வரும், ஈரத்தோடு ஓடி வந்து சொல்லுவேன். ரேஷன் கடை வரிசையில் வரும், போனில் கூப்பிட்டுச் சொல்லுவேன். எனக்கு இருபது வயது குறைந்துவிட்டது சார். நடை மாறிவிட்டது. சர்க்கரை அளவுகூட இறங்கிவிட்டது, டாக்டர் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். தலைப்பு வைக்கிறேன் என்றேன்.

வீட்டில் உட்கார்ந்திருந்தால் இவளுக்குத் தெரியாது, தலைப்பின் பலம் தெருவில்தான் தெரியும் என்று எனக்குப் பட்டது. பெரிய தாள் வாங்கினேன், சிவப்பு மை வாங்கினேன், கடையில் தொங்குகிற மாதிரியே எழுதி, சணல் கட்டி, எங்கள் வீட்டு கேட்டில் தொங்கவிட்டேன். 'குடையில்லாமல் வந்த பெண்! மாடியில் நடந்தது என்ன?' தொங்கவிட்டுவிட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எத்தனை பேர் நின்று பார்க்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

நின்றார்கள் சார். பால்காரர் நின்றார். கீரைக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, எங்கள் மாடியை அண்ணாந்து பார்த்தாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்புறம் டெய்சி டீச்சர் தெருவைத் தாண்டி வந்து பார்த்தார். அவரும் மாடியைப் பார்த்தார்.

எங்கள் மாடியில் ஒரு பையன் குடியிருந்தான். கூட்டுறவு வங்கியில் வேலை, பெயர் இன்பராஜ். கல்யாணம் ஆகாதவன். தொலைபேசி நிலையத்து மாடி என்று நான் போஸ்டரில் போடவில்லை பாருங்கள். இடத்தைச் சொல்லக்கூடாது என்பது போஸ்டர் விதி.

டெய்சி டீச்சர் மணி அடித்தார்.

"அண்ணாச்சி, நான் கேக்கக்கூடாது. ஆனா பிள்ளைங்க இருக்கிற தெரு."

"என்ன டீச்சர்?"

"எந்தப் பொண்ணு? எப்ப வந்தா?"

"நீங்க வாங்கிப் படிச்சாத்தான் தெரியும்" என்றேன். தொழில் வாய், சும்மா இருக்குமா?

யார் போன் போட்டுச் சொன்னார்களோ, சாயங்காலத்துக்குள் சங்கரன்கோவிலிலிருந்து இன்பராஜின் அம்மாவும் தாய்மாமனும் வேன் பிடித்து வந்துவிட்டார்கள். அந்த அம்மா நேரே மாடி ஏறிக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். தாய்மாமன் கீழே என்னிடம் வந்து, "பொண்ணு எந்த ஊரு, என்ன ஆளுகன்னு சொல்லிருங்க, நாங்க பேசி முடிச்சிக்கிடுதோம்" என்றார். பையன் படியில் உட்கார்ந்து அழுகிறான். "அங்கிள், என் ரூமுக்கு நீங்ககூட வந்தது கிடையாதே!"

செண்பகம்தான் எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்து, சாரதா என்பது கதையில் வருகிறவள் என்று விளக்கினாள். அந்த அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "கதைன்னா கேட்டுல ஏன் தொங்குது?" நியாயமான கேள்வி. கடைசியில், வந்தது வந்தோம் என்று அந்தத் தாய்மாமன் தன் மகளையே பேசி முடித்துவிட்டார். ஆவணியில் கல்யாணம். வீட்டையும் காலி செய்துவிட்டார்கள்.

"பாத்தியா, போஸ்டர் வேலை செய்யுது" என்றேன் செண்பகத்திடம்.

அவள் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "ரெண்டாவது பத்தி?" என்றாள். நான் அதற்குள் அடுத்த தலைப்பை யோசிக்க ஆரம்பித்திருந்தேன். அதற்கப்புறம் அவள் கேட்பதையே நிறுத்திவிட்டாள். அப்பாடா என்றிருந்தது.

பதிப்பாளர் பெயர் அய்யலுசாமி. கோவில்பட்டியில் அச்சகமும் வைத்திருக்கிறார். அவருக்கு நாவல் ரொம்பப் பிடித்துவிட்டதாம். அவரிடம் நேரில் பேசலாம் என்று புரட்டாசியில் நான் மட்டும் போனேன். அங்கே கிடைத்த மரியாதையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நான் உள்ளே நுழைந்ததும் டைப் அடிக்கிற பெண் எழுந்து நின்றுவிட்டாள். பிழை திருத்துகிறவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மெஷின்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார்.

"இவுகதானா?" என்றாள் அந்தப் பெண்.

"இவுகதான்" என்றார் பிழை திருத்துகிறவர்.

நான் போஸ்டர் எழுதிய காலத்தை இன்னும் மறக்காமல் இருக்கிறார்களே என்று நெகிழ்ந்துபோனேன். அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "சார், நீங்க இப்பவும் எது சொன்னாலும் 'ம்'னு மட்டும்தான் சொல்லுவியளா?" வாசகர்கள் எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள். "ம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். வெற்றிலை வாங்கிக் கொடுத்தார்கள்.

அய்யலுசாமி என் தலைப்பை வாங்கிப் பார்த்தார். "அண்ணாச்சி, அட்டையில போட்டுரலாம். புத்தகத்தோட முதுகுல எப்படி எழுத? ரெண்டு வரி, ஒரு ஆச்சரியக்குறி, ஒரு கேள்விக்குறி. இடமே கிடையாதே."

"முதுகு அகலமா வாற மாதிரி நாவலைக் கொஞ்சம் நீட்டச் சொல்லுங்க."

"அக்காகிட்ட நீங்க சொல்லுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாவலைப் படிச்சியளா அண்ணாச்சி?" என்றார்.

"தலைப்பு வைக்கிற அளவுக்குப் படிச்சேன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எதற்கு என்று தெரியவில்லை. அச்சகக்காரர்களுக்கு என்மேல் எப்போதுமே ஒரு பிரியம்.

அந்த வாரமே பெங்களூரிலிருந்து என் மகளும் போன் செய்தாள். அவளுக்கு அம்மா பிரதி அனுப்பியிருந்தாள்போல. "அப்பா, அம்மா எழுதினத..." என்று ஆரம்பித்தாள். குரல் கரகரவென்றிருந்தது, மூக்கை உறிஞ்சினாள். அந்த ஊர் குளிருக்கு ஜலதோஷம் பிடிக்காமல் என்ன செய்யும்? கசாயம் வைத்துக் குடி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

இப்போது என் மனக்குறையைச் சொல்கிறேன் சார். இதைத்தான் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றிருந்தேன். ஒரு வருஷம் ஆகப்போகிறது, மூளையைக் கசக்கித் தலைப்பு வைத்தவன் நான். கடைசியில் அவள் ஒரு தலைப்பும் எடுத்துக்கொள்ளவில்லை. அச்சுக்குப் போகிற நாளில் அவளே ஒன்று வைத்துவிட்டாள். என்ன தெரியுமா? 'முதல் பத்திக்குப் பிறகு.'

நீங்களே சொல்லுங்கள். இதில் கேள்விக்குறி இருக்கிறதா? ஆச்சரியக்குறி? பெண் இருக்கிறாளா? குடையாவது இருக்கிறதா? இதைக் கேட்டில் தொங்கவிட்டால் நாய்கூட நிற்காது. முதலில் எனக்குக் கோபம். பிறகு நிதானமாக யோசித்தேன். முதல் பத்தி என்பது யாருடைய தொழில் ரகசியம்? என்னுடையது. புருஷனுடைய தொழிலுக்கு அவள் செய்கிற மரியாதை அது. நேரடியாகச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இப்படிச் சொல்லியிருக்கிறாள். மேடையில் இதைத்தான் பேசப்போகிறேன்: 'இந்தத் தலைப்பு என்னிடமிருந்து பிறந்தது.' கைதட்டு வாங்கும், பாருங்கள்.

காற்றாலையெல்லாம் தெரிகிறதே, கயத்தாறு தாண்டிவிட்டோமா? என்ன, புத்தகத்தைப் பார்க்க வேண்டுமா? தாராளமாக. இந்தாருங்கள். அட்டை நன்றாயிருக்கிறது அல்லவா? ஒரு காரியம் செய்யுங்கள் சார், முதல் பத்தியைச் சத்தமாகப் படியுங்கள். எல்லாம் அதிலேயே வந்துவிடுகிறதா இல்லையா என்று உங்களுக்கே தெரியும்.

ஆங், மழை... மாடிப்படி... குடை. பார்த்தீர்களா? போதுமா?

போதாதா? சரி, உங்கள் திருப்திக்கு இரண்டாவதையும் படியுங்கள். அது எப்படியும் வானிலை, சாலை, அந்த மாதிரி ஏதாவது இருக்கும்.

ஏன் சார் நிறுத்திவிட்டீர்கள்? முன் சீட்டு அம்மாகூடத் திரும்பிப் பார்க்கிறார். என்ன சிரிப்பு? அச்சுப் பிழையா? கொடுங்கள் இப்படி. கண்ணாடி... இதோ, மேலேயே வைத்திருக்கிறாள்.

'மேலே இருப்பது என் கணவருக்காக எழுதியது. அவர் எதையும் முதல் பத்திக்கு மேல் படிக்க மாட்டார். அன்று மழை வரும்போல் இல்லை. என் பெயர் சாரதா இல்லை. குடை என் கையில்தான் இருந்தது. அவர் இந்நேரம் தலைப்பு யோசிக்க எழுந்து போயிருப்பார். வாருங்கள், இனி நாம் நிம்மதியாகப் பேசலாம்.'

குடை கையில் இருந்ததாம்.

இருங்கள் சார், ஒரு நிமிஷம். குடை கையில் இருந்ததா? இந்தக் குடையை வைத்து நான் எத்தனை... அந்த இன்பராஜுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது சார்!

அப்படியானால் அந்த அச்சகத்தில் 'இவுகதானா' என்றது... ம்.

இது என்ன அநியாயம்! நீங்களே சொல்லுங்கள், இவ்வளவு பெரிய செய்தியை யாராவது இரண்டாவது பத்தியில் கொண்டுபோய் வைப்பார்களா? முதல் வரியில் அல்லவா வந்திருக்க வேண்டும்! இதை யார் எடிட் செய்தது? வெட்டுகிறவன் கையில் கிடைத்திருந்தால் முதலில் போயிருப்பது இந்தப் பத்திதானே? எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை? என்ன சொல்கிறீர்கள்? தினம் கேட்டாளா? ஆமாம், தோசைக்கல் முன்னால் நின்றுகொண்டு கேட்டாள். அது...

பேசாதீர்கள் சார், கொஞ்சம். மூன்றாவது பத்தியில் டிரங்க் கால் வருகிறது.

'சென்னை லைன் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். பரவாயில்லை, நீங்கள் சொல்லிக்கொண்டிருந்ததை முழுசாகச் சொல்லி முடியுங்கள் என்றார் அவர்.'

நான் அப்படியா சொன்னேன்? சொல்லியிருப்பேன். குரல் அப்படியே இருக்கிறது சார், நான் பேசுகிற மாதிரியே.

என்ன, கோவில்பட்டியா? அதற்குள்ளா? நீங்கள் இறங்குங்கள், நான் இறங்கவில்லை. விழா ஆறு மணிக்குத்தான், இன்னும் நேரம் இருக்கிறது. கண்டக்டர், சாத்தூர் ஒன்று கொடுங்கள். சாத்தூர் போய் எதிர் பஸ் பிடித்துத் திரும்பி வந்துவிடுவேன். போகவும் வரவும் எவ்வளவு படிக்க முடியுமோ அவ்வளவு.

சார், சார், ஓர் உதவி. மண்டபம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரேதான். வாசலில் பச்சைப் புடவை கட்டிக்கொண்டு ஒரு அம்மா நின்று ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளிடம் சொல்லிவிடுங்கள், உங்கள் வீட்டுக்காரர் வந்துகொண்டிருக்கிறார், மூன்றாவது பத்தியில் இருக்கிறார் என்று.